எங்கள் தோட்டத்தில் எல்லாச் செடிக்கும் ஒரு வக்கீல் உண்டு

நங்கநல்லூரில் இன்னும் இடிபடாமல் மிச்சமிருக்கும் தனி வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. ஒரு கிரவுண்டு நிலம், அதாவது 2400 சதுர அடி. அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வீடு, மீதி தோட்டம். தோட்டம் என்று நாங்கள்தான் சொல்கிறோம். இரண்டு பக்கமும் அடுக்குமாடிகள் வந்துவிட்டன. பால்கனியிலிருந்து பார்க்கிறவர்கள் அதை என்னவென்று சொல்வார்களோ தெரியாது, ஆனால் மனை புரோக்கர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது நன்றாகவே தெரியும். கேட்டைத் தட்டி, "மேடம், இந்த வீடு ரொம்ப நாளா பூட்டியிருக்கே, ஓனர் நம்பர் கிடைக்குமா?" என்று என்னிடமே கேட்பார்கள். நான் அப்போது அதே வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பேன். கொடியில் நைட்டி தொங்கினாலும் ஆள் குடியிருப்பதாக அவர்களுக்கு நம்பிக்கை வருவதில்லை.

இது எப்போதும் இப்படி இல்லை. மாமனார் இருந்தவரை வாசல் பக்கம் பெரிய பாதாம் மரம் ஒன்று நின்றது. கடையில் விற்கிற பாதாம் இல்லை, சென்னைத் தெருக்களில் எங்கும் நிற்குமே, பெரிய பெரிய இலையும் கல்லால் தட்டி உடைத்துச் சாப்பிடும் கொட்டையுமாக, அந்த நாட்டு பாதாம். அதன் நிழலில் ஒன்றும் தலையெடுக்காது. மாமனார் காலையில் எழுந்ததும் இலை கூட்டுவார், தரை பளிச்சென்று இருக்கும். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் வந்ததே, அன்று அந்த மரம் மதில்மேல் சாய்ந்தது. ஊர் முழுக்க ஆயிரக்கணக்கில் மரங்கள் விழுந்த நாள், வெட்டி எடுத்துப்போக ஆள் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. மரம் போன இடத்தில் வெயில் விழுந்தது. அடுத்த மழைக்கு, யாரும் விதைக்காத, யாரும் கேட்காத செடிகள் கிளம்பி வந்தன. அப்புறம் மாமனாரும் போய்விட்டார், துடைப்பத்தை எடுக்க ஆளில்லை.

இத்தனை விதையும் எங்கே இருந்தன என்று கேட்டால், மண்ணுக்குள்தான். அமெரிக்காவில் மிச்சிகனில் வில்லியம் பீல் என்ற தாவரவியல்காரர், களை விதை எத்தனை வருஷம் உயிரோடு இருக்கும் என்று பார்ப்பதற்காக 1879-இல் இருபது பாட்டில்களில் விதைகளை மணலோடு கலந்து புதைத்து வைத்தார். அவர் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகிவிட்டது, அவருக்குப் பின்னால் வந்தவர்கள் ஒவ்வொரு பாட்டிலாக இன்னமும் தோண்டி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். 2021-இல் எடுத்த பாட்டிலில் இருந்த விதைகளில் சில, 142 வருஷம் கழித்தும் முளைத்தன. அதை வைத்துப் பார்த்தால், எங்கள் மாமனாரின் துடைப்பத்துக்குப் பயந்து கொஞ்ச காலம் உள்ளே படுத்திருந்த விதைகளுக்கு அது ஒரு விஷயமே இல்லை.

சரி, ஆள் வைத்துச் சுத்தம் பண்ணிவிடலாம் என்று முடிவு செய்தோம். அங்கேதான் வம்பு ஆரம்பித்தது. நம் ஊரில் ஒரு செடியைச் சும்மா பிடுங்கிவிட முடியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வக்கீல் இருக்கிறார். மூலிகை என்று ஒருவர் வாதாடுவார், சாமிக்கு உகந்தது என்று ஒருவர், கீரை என்று ஒருவர், இது மூன்றும் இல்லையென்றால் "இருந்துட்டுப் போகட்டுமே, உன்னை என்ன பண்ணுது?" என்று ஒருவர்.

தோட்டக்கார அண்ணன் மண்வெட்டியும் அரிவாளுமாகக் காலை ஏழு மணிக்கே வந்தார். கேட்டுக்குப் பக்கத்தில் குனிந்து முதல் செடியில் கை வைத்ததும் திண்ணையிலிருந்து அத்தையின் குரல். "யப்பா, அது கீழாநெல்லிப்பா! மஞ்சக்காமாலைக்கு மருந்து, அதைப் போய்ப் பிடுங்குவாங்களா?" எங்கள் வீட்டில் யாருக்கும் இதுவரை மஞ்சள் காமாலை வந்ததில்லை. வந்தால் முதலில் டாக்டரிடம் ஓட வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் கீழாநெல்லி பிழைத்துவிட்டது. அண்ணன் நகர்ந்து அடுத்த செடிக்குப் போனார். அது குப்பைமேனி. இந்தத் தடவை குரல் மேலேயிருந்து வந்தது. பக்கத்து ஃபிளாட்டின் முதல் மாடியில் ரிட்டயரான மாமா ஒருவர் இருக்கிறார், காலை காபியோடு எங்கள் தோட்டத்தைப் பார்ப்பது அவருக்கு ஒரு பொழுதுபோக்கு. "தம்பி, குப்பைமேனியை மட்டும் தொடாதே, சொறி சிரங்குக்கு அதை விட்டா வேற மருந்தே கிடையாது." அவருக்குச் சொறியோ சிரங்கோ இருக்கிறதா என்று கேட்பது மரியாதையாக இருக்காது, எனவே அதுவும் பிழைத்தது.

வேலியோரம் படர்ந்திருந்த மூக்கிரட்டையை இழுக்கப்போகும்போது இஸ்திரி போடுகிற அக்கா துணி கொடுக்க வந்தார். "அய்ய, இது நல்ல கீரைம்மா, பருப்பு போட்டுக் கடைஞ்சா எப்படி இருக்கும் தெரியுமா?" என்று முந்தானையில் ஒரு கை பறித்து முடிந்துகொண்டு, வேரை அப்படியே விடச் சொல்லிவிட்டுப் போனார். தும்பை, சிவனுக்கு. அறுகம்புல், பிள்ளையாருக்கு. கரிசலாங்கண்ணி, தலைமுடிக்கு. துத்தி, வெளியே சொல்ல முடியாத ஒரு வியாதிக்கு. கடைசியாக மதில் மூலையில் இருந்த எருக்கஞ்செடி. அதற்கு யாருமே குறுக்கே வரவில்லை. அண்ணன் அரிவாளை ஓங்கி, பூவைப் பார்த்து, மெதுவாக இறக்கினார். "இது வெள்ளெருக்கும்மா. நான் தொடமாட்டேன். வேற யாரையாவது வச்சுப் பண்ணிக்குங்க."

மத்தியானத்துக்குள் அவரால் எடுக்க முடிந்தது கோரைப்புல் ஒன்றைத்தான். கோரைக்கு வக்கீல் கிடையாது. அதற்குத் தேவையும் கிடையாது. களைகளைப் பற்றி உலக அளவில் ஆராய்ந்தவர்கள், இருப்பதிலேயே மோசமான களை என்று முதலிடம் கொடுத்தது கோரைக்குத்தான். மேலே புல்லை இழுத்தால் கையோடு வந்துவிடும், நமக்கும் வேலை முடிந்த திருப்தி கிடைக்கும். கீழே கிழங்கு பத்திரமாக இருக்கும், அந்தக் கிழங்கிலிருந்து இன்னொரு கிழங்குக்கு மண்ணுக்கடியில் லைன் ஓடியிருக்கும். அண்ணன் கூலியும் ஒரு பை மணத்தக்காளியும் வாங்கிக்கொண்டு போன அந்த வாரமே கோரை பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது.

அதற்குப் பிறகு நான் சுத்தம் செய்யும் பேச்சை விட்டுவிட்டு, இதில் என்னதான் இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். வேறு வழியில்லாமல் ஆரம்பித்ததுதான், இப்போது விட முடியவில்லை.

குப்பைமேனியையே எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்க ஒன்றுமே இல்லாத செடி. ஒரு நாள் துளசி மாடத்துக்குப் பக்கத்தில் வழியை மறைத்துக்கொண்டிருந்த ஒன்றை, பால்கனியில் மாமா இல்லாத நேரமாகப் பார்த்து வேரோடு பிடுங்கிப் போட்டேன். திரும்பி வந்து பார்த்தால் தெருவின் சாம்பல் நிறக் கடுவன் பூனை அதன்மேல் மல்லாந்து படுத்துக்கொண்டு உருண்டுகொண்டிருக்கிறது. வேரைக் கடிப்பதும், கன்னத்தைத் தேய்ப்பதும், நாலு காலையும் மேலே தூக்கிக்கொண்டு கிறங்குவதும், அப்பப்பா. கொஞ்ச நேரத்தில் இன்னொரு பூனை. அப்புறம், அந்த ஃபிளாட்டில் கழுத்துப் பட்டையோடு வளர்கிற, தரையில் கால் வைக்காத வெள்ளைப் பூனை, அதுவும் எப்படியோ இறங்கி வந்துவிட்டது. குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்று இன்னொரு பெயர் இருப்பது எனக்கு ஏற்கெனவே தெரியும், ஏதோ அழகுக்கு வைத்த பெயர் என்று நினைத்திருந்தேன். அந்த வேரின் வாசனைக்குப் பூனைகள் உண்மையாகவே மயங்குகின்றன. வெள்ளைப் பூனையைத் தேடி வந்த மாமி, எங்கள் வாசலில் அது கிடந்த கோலத்தைப் பார்த்துவிட்டு, "என்னத்தைம்மா கொடுத்தீங்க எங்க குழந்தைக்கு?" என்று கேட்டார். பிடுங்கிய செடியைக் காட்டினேன். நம்பவில்லை.

முதல் மாடி மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் வருகிற மூலிகைச் செய்திகள் எல்லாம் எங்கள் தோட்டத்தைப் பற்றியே எழுதப்பட்டவையோ என்று எனக்குச் சந்தேகம். ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டுவார். வெட்டுக்காயப் பூண்டு இருக்கிறதே, சின்ன மஞ்சள் நடுவோடு நீளக் காம்பில் ஒற்றையாக நிற்கும், சின்ன வயசில் "தாத்தா தலையைக் கொடு" என்று கட்டைவிரலால் சுண்டித் தலையைத் தெறிக்க விட்டு விளையாடுவோமே, அது. "நம்ம முன்னோர்கள் ஆயிரக்கணக்கான வருஷமா காயத்துக்கு இதைத்தான் கசக்கிப் போட்டாங்க" என்றார் மாமா. அந்தச் செடிக்குச் சொந்த ஊர் மத்திய அமெரிக்கா. கப்பல்கள் அந்தப் பக்கம் போய்வர ஆரம்பித்த பிறகுதான் அது இந்தப் பக்கம் வந்திருக்க முடியும். தொட்டாற்சிணுங்கியும் அமெரிக்கா, பட்டாசுக்காயும் அமெரிக்கா, உன்னிச்செடியும் அமெரிக்கா. மதில் வெடிப்பில் பூத்து நிற்கும் நித்தியகல்யாணி மடகாஸ்கர் தீவு, அதிலிருந்துதான் ரத்தப் புற்றுநோய்க்கு வின்கிறிஸ்டின் என்ற மருந்து எடுக்கிறார்கள். இதையெல்லாம் சொன்னதும் மாமாவுக்கு முகம் வாடிவிட்டது, பாவமாக இருந்தது. "அப்போ எல்லாம் வந்தேறியா?" என்றார். வந்தேறிகளைத் திட்டுவதென்றால் மிளகாயிலிருந்துதான் தொடங்க வேண்டும் மாமா, அப்புறம் தக்காளி, உருளைக்கிழங்கு, வேர்க்கடலை, சாம்பாருக்கு என்ன பண்ணுவீர்கள் என்றேன். சாம்பார் என்றதும் விஷயத்தை அதோடு விட்டுவிட்டார்.

பட்டாசுக்காய் என்று சொன்னேனே, அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், எனக்கு இந்தத் தோட்டத்தில் ரொம்பப் பிடித்தது அதுதான். காலையில் ஊதா நிறத்தில் மெல்லிய பூ பூக்கும், சாயங்காலத்துக்குள் உதிர்ந்துவிடும். பூ போனபின் கட்டைவிரலில் பாதி நீளத்துக்கு ஒரு காய் வரும், முற்றினால் பழுப்பாகிக் காய்ந்து கிடக்கும். அதை ஒரு சொட்டுத் தண்ணீரில் போடுங்கள், அல்லது நாங்கள் பள்ளிக்கூடத்தில் செய்ததைச் சொல்வதென்றால், எச்சில் தொட்டு முன் பெஞ்சுப் பெண்ணின் பின்னலில் வையுங்கள். இரண்டு மூன்று விநாடி ஒன்றும் நடக்காது. பிறகு பட்டென்று இரண்டாகப் பிளந்து விதைகளைத் தெறிக்கும். காய் காயும்போதே அதன் இரண்டு பாதிகளும் வெளிப்பக்கம் வளைய முறுக்கிக்கொண்டு நிற்கும், நுனியில் இருக்கும் ஒட்டுதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. தண்ணீர் பட்டதும் அந்த ஒட்டு இளகும், பிடி விட்டுப்போகும். விதையும் ஈரம் பட்டதும் கொழகொழவென்று ஆகி, விழுந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். மழை வந்துவிட்டது, முளைக்க இதுதான் நேரம் என்பதைத் தெரிந்துகொள்ள அந்தக் காய்க்கு வானிலை அறிக்கை தேவைப்படுவதில்லை.

ஒன்று வெடித்தால் வேடிக்கை. ஒரு பாத்தி முழுக்கக் காய்ந்து நிற்கும்போது வெயில் காலம் முடிந்து முதல் நல்ல மழை இறங்கினால் கேட்கவேண்டியதுதான். மழைச் சத்தத்துக்கு நடுவில் பட், பட், படபட, பட் என்று இடமிருந்து வலமாக ஓடும். அன்றைக்கு நான் குடையை மறந்துவிட்டு அங்கேயே நின்றேன். கன்னத்தில் விதை வந்து அடித்தது, நெற்றியில் ஒன்று ஒட்டிக்கொண்டது. மின்கம்பிகளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து ஃபிளாட் வாட்ச்மேன் அண்ணன் மெயின் ஸ்விட்சை நிறுத்த ஓடினார். அத்தை கதவைத் திறந்து, "என்னம்மா, எவனாவது மழையில வெடி போடுறானா?" என்று கேட்டார். ஆமாம் அத்தை, நம் வீட்டிலேதான் என்றேன். அவரும் வந்து பக்கத்தில் நின்றுகொண்டார். ஒரு காய் எங்கள் இருவருக்கும் நடுவில் வெடித்தபோது அவர் சிரித்த சிரிப்பை, மாமனார் போனபின் நான் முதல் தடவையாகக் கேட்டேன்.

நாயுருவியை எனக்குப் பிடிக்காது, ஆனால் அதன் சாமர்த்தியத்தைப் பாராட்டத்தான் வேண்டும். கதிரில் முள் எல்லாம் கீழ்நோக்கி இருக்கும், உரசிக்கொண்டு போகிறவர்கள் அறியாமலே பத்து இருபதைச் சுமந்துகொண்டு போவார்கள். சல்வாரில் ஒட்டினால் ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுக்க ஒரு சீரியல் எபிசோட் ஆகும். எங்கள் வீட்டுக்குப் பார்சல் கொண்டு வருகிற பையன்கள் கேட்டிலிருந்து வாசல்வரை நடந்துவிட்டுத் திரும்பும்போது பேன்ட் முழுக்க அதுதான். அவர்கள் அப்படியே பழவந்தாங்கல், மடிப்பாக்கம், உள்ளகரம் என்று சுற்றுவார்கள். அந்தப் பக்கங்களில் யார் வீட்டு வாசலிலாவது திடீரென்று நாயுருவி முளைத்திருந்தால், டெலிவரி சார்ஜ் இல்லாமல் எங்கள் வீட்டிலிருந்து வந்தது.

வெள்ளெருக்கு அப்படியேதான் நிற்கிறது. இப்போது தலைக்கு மேல் வளர்ந்துவிட்டது. பிள்ளையார் சதுர்த்திக்கு முதல் நாள் பூக்கார அம்மா வந்து ஒரு கூடை பறித்துக்கொண்டு போவார், பதிலுக்கு மறுநாள் ஒரு முழம் மல்லிகை தள்ளுபடி. வருஷம் முழுக்க அந்தச் செடிக்குச் சொந்தக்காரர்கள் வேறு. ஒரு நாள் இலையைத் திருப்பிப் பார்த்தபோது அடியில் ஒரு புழு. புழு என்றால் எனக்கும் உடம்பு கூசும், ஆனால் இது வேறு மாதிரி. வெள்ளை உடம்பில் குறுக்கே கறுப்புக் கோடுகள், கோடுகளுக்கு இடையில் மஞ்சள் புள்ளிகள், முதுகில் மூன்று ஜோடிக் கறுப்புக் கொம்புகள், கொம்பு தொடங்கும் இடத்தில் மட்டும் லேசாகச் சிவப்பு. ஒளிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணமே இல்லாத டிசைன். காரணம் இருக்கிறது. எருக்கம்பால் விஷம், அந்த இலையைத் தின்று விஷத்தைத் தன் உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்கிறது இது. ஒரு தடவை கொத்திப் பார்த்த பறவை மறுபடி கிட்டே வராது. நான் மூக்கு படுகிற தூரத்தில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கும்போதே இலையின் ஓரத்தை மேலிருந்து கீழாக அரை வட்டமாக அரித்துக்கொண்டு வந்தது, கீழே வந்ததும் தலையைத் தூக்கி மறுபடி மேலேயிருந்து. சில நாள் கழித்துத் துணிக்கொடிக் கம்பியில் இளம்பச்சை நிறத்தில் ஒரு கூடு தொங்கியது, அதில் தங்கப் பொட்டுகள். தங்கம் என்று சும்மா சொல்லவில்லை, வெயிலில் பளபளத்தது. அதிலிருந்து வந்தது வெந்தய வரியன், ஆரஞ்சு நிறச் சிறகும் நுனியில் கறுப்பு வெள்ளையுமாகச் சென்னை முழுக்கப் பறக்கிற அதே பட்டாம்பூச்சி. அது கிளம்புகிறவரை அந்தக் கம்பியில் துணி காயப்போடக் கூடாது என்று என் பெண் சட்டம் போட்டுவிட்டாள். ஜட்டி பனியனெல்லாம் ஹாலில் ஃபேனுக்கு அடியில் காய்ந்தன.

எல்லாம் அழகு என்று சொல்லிவிட்டால் பொய். பெருச்சாளி இருக்கிறது, இரவில் மதிலோரம் மண்ணைத் தோண்டி மேடு போட்டு வைக்கும். மழைக்காலத்தில் ஆப்பிரிக்க நத்தைகள் வரும், கைப்பிடி அளவுக்கு, கொஞ்ச நஞ்சம் ஆசையாக நட்டு வைத்ததையும் தின்றுவிட்டுப் போகும். அந்த நத்தைகளுக்காகவே ஒரு செம்போத்து வருகிறது, சிவந்த கண், செங்கல் நிறச் சிறகு, பறக்கச் சோம்பல்பட்டுக்கொண்டு புதருக்குள் நடந்தே போகும். அதன் கூப்பாடு கூம் கூம் என்று அடித்தொண்டையிலிருந்து வரும், முதலில் கேட்டபோது மோட்டாரில் ஏதோ கோளாறு என்று பிளம்பரைக் கூப்பிட இருந்தோம். பாம்பு வரும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். ஒரு சாரை வந்தது, பெருச்சாளி வளையைப் பார்த்துவிட்டுப் போனது, அதோடு நானும் இரவில் டார்ச் இல்லாமல் இறங்குவதை நிறுத்திவிட்டேன். கொசு மருந்து அடிக்க வருகிறவர்கள் எங்கள் கேட்டைப் பார்த்ததும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள், உள்ளே வந்து தேங்காய் ஓடு, பூந்தொட்டித் தட்டு, பழைய டயர் என்று தேடுவார்கள். ஒன்றும் இருக்காது. டெங்குக் கொசுவுக்கு வேண்டியது தேங்கின தண்ணீர், செடி இல்லை. ஒரு தடவை அவர்கள் கண்டுபிடித்த ஒரே புழு, பால்கனி மாமா வீட்டு ஏ.சி.யிலிருந்து தண்ணீர் சொட்டுகிற வாளியில்தான் இருந்தது. அதை நான் இரண்டு வாரம் அனுபவித்தேன்.

பார்த்தீனியத்தை மட்டும் விடுவதில்லை. வெள்ளைப் பொடிப் பூ பூப்பதற்கு முன்பே, கையுறை போட்டுக்கொண்டு வேரோடு எடுத்துவிடுவேன். தோலில் பட்டால் அரிப்பு, மகரந்தம் மூக்கில் ஏறினால் தும்மலும் இழுப்பும். 1950-களின் நடுவில் புனேப் பக்கம் கவனத்துக்கு வந்த செடி, இப்போது நாட்டில் அது இல்லாத ரயில்வே லைன் கிடையாது. அதைத் தின்னட்டும் என்று மெக்சிகோவிலிருந்து ஒரு வண்டையே கொண்டுவந்து விட்டுப் பார்த்தார்கள், வண்டும் தின்கிறது, செடியும் வளர்கிறது. இந்த ஒன்றுக்காக மாமாகூடப் பேச வரவில்லை.

பூசணிக் கதைக்கு வருகிறேன். சமையலறைக் குப்பையைக் கொட்டுகிற மூலையில் ஆடியில் ஒரு மஞ்சள் பூசணி தானாக முளைத்தது. அத்தை பறங்கி என்பார், நான் பூசணி என்பேன், அது எங்களுக்குள் பழைய தகராறு. ஆவணி மழைக்குக் கொடி மதில் ஏறியது. ஏறினது அந்தப் பக்கம் இறங்கியும் விட்டது. அந்தப் பக்கம் ஃபிளாட்டின் கார் பார்க்கிங். மதிலை ஒட்டிக் கவர் போட்டு நிறுத்தியிருந்த கார், இரண்டாம் மாடித் தம்பதியுடையது. நங்கநல்லூரில் பாதிப் பேரைப் போல அவர்களும் பிள்ளை வீட்டுக்கு அமெரிக்கா போனால் ஆறு மாதம், சீசன் கச்சேரி தொடங்கும்போது திரும்புவார்கள். கொடிக்கு இது எப்படித் தெரிந்ததோ. முதலில் பம்பர், பிறகு பானெட், அப்புறம் கூரை. புரட்டாசி ஐப்பசியில் எல்லாம் அங்கே கார் இருந்ததற்கான அடையாளமே இல்லை, பெரிய பெரிய இலைகளும் காலையில் திறக்கிற மஞ்சள் பூக்களும்தான். வாட்ச்மேன் அண்ணன் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார், விசாரித்ததில் அவ்வப்போது பூவைப் பறித்து பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், முழுக் காரைப் பூசணியில் மறைத்தது எங்கள் தோட்டம்தான்.

தம்பதி திரும்பி வந்தார்கள். ஏர்போர்ட்டிலிருந்து வந்த களைப்போடு பார்க்கிங்கில் நின்று அவர், "என் வண்டி எங்கே?" என்று கேட்டது எங்கள் வீடுவரை கேட்டது. நான் அரிவாளும் மன்னிப்புமாகப் போனேன். இலைகளை விலக்கினால் கண்ணாடிக்குக் கீழே, பானெட்டின் பள்ளத்தில், தலையணை வைத்து உட்கார வைத்த கணக்காக ஒரு காய். நல்ல கனம், தூக்க இரண்டு கை வேண்டியிருந்தது. அதற்குள் கீழே ஒரு சபை கூடிவிட்டது. வேர் எங்கள் மண்ணில், காய் அவர் காரில், கார் நிற்கிற இடம் அசோசியேஷனுடையது. காய் யாருக்கு? மாமா பால்கனியிலிருந்து இறங்கியே வந்துவிட்டார், ஈஸ்மென்ட் ரைட்ஸ் என்றெல்லாம் பேசினார். கடைசியில் அந்த மாமி, "ஆறு மாசமா ஃப்ரோஸன் காய் தின்னு நாக்கு செத்துப்போச்சு, அதை இங்கே கொடுங்கோ" என்று தீர்ப்புச் சொல்லிக் காயைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறிவிட்டார். மறுநாள் ஒரு டப்பாவில் பறங்கிக்காய்ப் புளிக்கூட்டு வந்தது. கொடியை வெட்ட வேண்டாம், மார்கழிக் கோலத்தில் சாண உருண்டைமேல் வைக்கப் பூ வேண்டும், காரை அந்தப் பக்கம் மாற்றிப் போட்டுக்கொள்கிறோம் என்றும் சொல்லியனுப்பினார். வக்கீல் பட்டியலில் இன்னும் ஒருவர்.

பெங்களூரிலிருந்து கொழுந்தனார் வரும்போதெல்லாம் ஒரே பாட்டு. "அண்ணி, பேசாம பேவர் பிளாக் போட்டுடலாம், மெயின்டனன்ஸே இருக்காது." இந்தத் தெருவில் எல்லோரும் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். 2003-இல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது ஆளாளுக்குக் குழாயும் தொட்டியும் வைத்தோம், அப்புறம் அதே கையோடு வாசல் முழுக்க சிமென்ட் பூசினோம். ஐப்பசியில் ஒரு மணி நேரம் கொட்டினால் சிமென்ட் வாசல்களின் தண்ணீரெல்லாம் தெருவில் நிற்கும், எங்கள் தோட்டத்தில் மழை விட்ட கொஞ்ச நேரத்தில் செருப்போடு நடக்கலாம், அத்தனையும் உள்ளே இறங்கியிருக்கும். கோரைக்கும் நாயுருவிக்கும் வேர் இருக்கிற மண் தண்ணீரை வாங்குகிறது, அவ்வளவுதான் விஷயம். கொழுந்தனாரிடம் இதைச் சொன்னால் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். எனவே அத்தையிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அத்தை சொன்னால் கேட்பார்.

இப்போதைக்கு ஒரே ஒரு சிக்கல் பாக்கி. வர்தாவில் மரம் விழுந்து விரிசல் விட்ட அதே மதிலில், விரிசலுக்குள் ஓர் அரசங்கன்று. காக்கையோ புல்புல்லோ பழம் தின்றுவிட்டுப் போட்ட எச்சத்தில் வந்தது. இலை என்னவோ கொள்ளை அழகு, காற்றே இல்லாதபோதும் நுனி ஆடும், கொழுந்து விடும்போது செம்பு நிறம். ஆனால் விட்டால் மதிலைப் பிளந்துவிடும். உண்மையிலேயே எடுத்தாக வேண்டிய ஒரே செடி இதுதான், இதற்குத்தான் இருப்பதிலேயே பெரிய வக்கீல்கள். தோட்டக்கார அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கொத்தனார், "வேற ஆளைப் பாருங்கக்கா" என்றார். அத்தை விளக்கே ஏற்றிவிட்டார். ஏரிக்கரையில் கொண்டுபோய் நட்டுவிடலாம், அதற்குத் தோஷம் இல்லை என்று மாமா ஒரு சமரசம் சொன்னார், எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள், ஆனால் வேரோடு பத்திரமாக எடுக்க மதிலில் பாதியை இடிக்க வேண்டுமாம். அதற்கு நல்ல நாள் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மார்கழியில் கூடாது, தையில் பார்க்கலாம் என்றார்கள். போன தையிலும் இதையேதான் சொன்னார்கள், வாய்தா மேல் வாய்தா.

யாருக்காவது முடக்கத்தான் விதை வேண்டுமென்றால் சொல்லுங்கள், மாமனாரின் பழைய ஸ்கூட்டரையே மூடும் அளவுக்குக் காய்த்துக் கிடக்கிறது. காற்றடைத்த காயைப் பிட்டால் உள்ளே மூன்று கறுப்பு விதைகள், ஒவ்வொன்றிலும் வெள்ளையாக ஓர் இதயம் வரைந்திருக்கும், குழந்தைகளுக்குக் காட்டுங்கள். தோசைக்கு அரைக்கும்போது இலையைக் குறைவாகப் போடுங்கள், கசக்கும். நேரில் வருவதானால் தயவுசெய்து சாதாரண பேன்ட்டில் வாருங்கள், பட்டுப் புடவையெல்லாம் வேண்டாம். கேட்டில் நின்று வீடு பூட்டியிருக்கிறதே என்று யோசிக்காமல் சத்தமாகக் கூப்பிடுங்கள், நான் உள்ளே எங்கேயாவது எதையாவது குனிந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.